நாய்க்கென்று வாங்கிய கறி

உங்களுக்கு வேறு சோலியே இல்லையா? ஒரு கிழவி தன் வீட்டுத் தோசைக்கல்லில் ஒரு துண்டு மாட்டுக்கறி சுட்டாள். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி வந்துவிட்டீர்கள். முட்டுவலி, படி இறங்க முடியவில்லை என்று ரேஷன் கடைக்கு என் பேரனை அனுப்புகிற ஆட்கள்! வந்தீர்கள், தின்றீர்கள், தட்டில் ஒட்டியிருந்த மிளகையும் விரலால் தொட்டு நக்கினீர்கள். அதோடு போக வேண்டியதுதானே? இது எந்தக் கறி, விலை குறைந்தது என்கிறாயே, பிறகு எப்படி இத்தனை மெத்தென்று இருக்கிறது, யார் சொல்லித் தந்தது, அந்த ஒல்லிக் கத்தி ஏது என்று போலீஸ்காரி மாதிரி மறித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தின்ற கறி உங்களுக்கு ராத்திரிக்குள் செரித்துவிடும். இந்தக் கதை எனக்கு ஐம்பது வருஷமாகச் செரிக்கவில்லை.

சரி, உட்காருங்கள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் மட்டும் உட்கார வேண்டாம், அதற்கு மூன்று கால்தான் நம்பிக்கையானது.

முதலில் கறியைச் சொல்கிறேன். கேட்க வந்ததே அதைத்தானே, என் வாழ்க்கையையா கேட்க வந்தீர்கள்? மாட்டின் முன்கால் தோள்பட்டை எலும்பு இருக்கிறதல்லவா, முறம் மாதிரி அகலமாக, அதன் மேல் ஒரு சதை படுத்திருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதன் நட்டநடுவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஒரு வெள்ளை நரம்புத் தகடு ஓடும். குழம்பில் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அது வேகாது. செருப்பு வாரைக் கடிக்கிற மாதிரி இருக்கும். அதனால் அந்தக் கறியை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். கடைக்காரரும் அதைக் கொத்தி எலும்புக் கறியோடு கலந்து தள்ளிவிடுவார்.

ஆனால் ஒல்லிக் கத்தியால் அந்த நரம்பை மட்டும் மேலும் கீழும் வழித்து எடுத்துவிட்டால், நீளமாக, தட்டையாக இரண்டு துண்டு கிடைக்கும். முதுகெலும்புக்கு அடியில் கிடக்கிற அண்டர்கட்டுக்கு அடுத்தபடி மாட்டில் அத்தனை மெத்தான இடம் வேறு கிடையாது. இதில் ஒரு கஷ்டம் உண்டு. நம் ஊர் இறைச்சிக்கடையில் எதையும் முழுசாகத் தர மாட்டார்கள். நாம் வாயைத் திறப்பதற்குள் கத்தி டக் டக் டக் என்று இறங்கி, கறி புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிடும். வெட்டாமல் கொடு என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

எங்கள் அம்மா அப்படிக் கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

அம்மா பிறந்தது மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில். கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தாலும் கொழுந்து கிள்ளப் போகவில்லை. பத்து வயதிலேயே மானேஜர் பங்களாவின் அடுப்படியில் பாத்திரம் கழுவ விட்டார்கள். கழுவிக்கொண்டே சமையல்காரரின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். துரைமார் ஸ்டேக் என்று தின்பதை எப்படிச் சுடுவது, எந்தக் கறியை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கல்யாணம் ஆகி ஊருக்குள் இறங்கும்போது அந்தச் சமையல்காரர் கொடுத்த சீதனம் ஒரு கத்தி. எலும்புக் கைப்பிடி. தீட்டித் தீட்டி வாழைநார் போல ஒல்லியாகியிருந்தது.

அப்பா ஆரியசாலை அரிசி மண்டிகளில் மூட்டைச் சுமடு எடுக்கும் வேலை. நாங்கள் இருந்தது மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றை அறை. மழை பெய்தால் அப்பா ஒரு மூலை, அம்மா ஒரு மூலை, நான் நடுவில் அண்டாவோடு அண்டாவாக உட்கார்ந்திருப்பேன். சந்துக்கே ஒரு குழாய். விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் வரும், ஆறுக்கு நின்றுவிடும். பதினெட்டு வீட்டுக் குடம் வரிசையில் நிற்கும். கக்கூஸ் விஷயம் சொல்ல வேண்டாம், இப்போதுதான் தின்றிருக்கிறீர்கள்.

அடுத்த அறையில் ஓர் அத்தை இருந்தாள். ரத்த உறவு ஒன்றுமில்லை. அம்மா அவளை அண்ணன் பெண்டாட்டி போல மைனி என்பாள், நான் அத்தை என்பேன். கோவளத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு சின்ன லாட்ஜில் அவள் துணி அலக்கிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் ஐப்பசியில், சீசன் தொடங்கும் நேரத்தில், லாட்ஜின் சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் வேறிடம் போய்விட்டான். அத்தை ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, நீ அந்த துரைமார் கறி சுடுவேன்னு பீத்துவியே, இப்ப வந்து சுடு பாப்போம்!"

"போங்க மைனி, அது எந்தக் காலம்!"

"எந்தக் காலமானா என்ன, மாடு மாறியா போச்சு?"

அம்மா போனாள், சுட்டாள். லாட்ஜ்கார அம்மா தின்று பார்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாராம். வெள்ளைக்காரன் ஒருவன் தின்று பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டானாம். அதோடு வேலை கிடைத்தது. அதற்கு மேல் லாட்ஜ்கார அம்மா ஒரு வாக்கும் கொடுத்தார். மாசி முடியும் வரைக்கும் சாப்பாட்டில் ஒரு குறையும் வராமல் இருந்தால் வேலை நிரந்தரம். லாட்ஜின் பின்னால் இருக்கும் அறையில் குடும்பத்தோடு வந்து இருந்துகொள்ளலாம்.

அந்த அறையை அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஓடு போட்ட கூரை, எங்கும் ஒழுகாது. கதவைத் திறந்தால் ஒரு குழாய், எங்களுக்கு மட்டும். அம்மா அதைத் திறந்து விட்டாள். பிறகு மூடினாள். மறுபடி திறந்தாள். நேரம் பகல் பதினொன்று. பகல் பதினொன்றுக்குக் குழாயில் தண்ணீர் வருவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இது நமக்கா அம்மா?"

"மாசி கழியட்டு. அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு கெட."

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாயை மூடச் சொன்னாள். காது கேட்காதவளிடமா சொன்னாள்?

இப்போது கறிக்கு வருவோம். லாட்ஜ்கார அம்மா அண்டர்கட்டுக்குக் காசு தர மாட்டார். எலும்புக் கறிக்கான காசில் ஸ்டேக் வேண்டும். அம்மாவுக்குத்தான் தோள்பட்டைக் கறி தெரியுமே. ஆனால் அதை வெட்டாமல் முழுசாகக் கேட்டால், இக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற இறைச்சிக்கடைக்காரர் எதற்கு என்று கேட்பார். காரணம் தெரிந்தால் மறுநாளே விலை ஏற்றிவிடுவார், அல்லது பெரிய ஓட்டல்காரனுக்கு எடுத்து வைத்துவிடுவார். அம்மா ஒரு ராத்திரி யோசித்தாள். மறுநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நீ ஓடிப்போய் நிக்கணும். நான் தண்ணி பிடிச்சிட்டு வாறதுக்குள்ள இக்கா அத கொத்திப்போடுவாரு. முன்கைக் கறி, வெட்ட வேண்டாம், முழுசா வேணும்னு சொல்லு. எதுக்குன்னு கேட்டா லாட்ஜுல வளக்குற பட்டிக்குன்னு சொல்லு."

நம் ஊரில் நாயைப் பட்டி என்றுதானே சொல்கிறோம். லாட்ஜில் ஒரு செவலை நாய் உண்மையிலேயே இருந்தது. வழித்தெடுத்த நரம்பு முழுவதும் அதற்குத்தான் போகும். "அப்ப பட்டிக்குன்னு சொல்றதுல பாதி நேர்தானே?" என்று அம்மா சிரித்தாள். எனக்கு யாரிடமிருந்து இந்தக் குசும்பு வந்தது என்று கேட்பீர்களே, இதோ.

தினமும் விடியும் முன்னே இறைச்சிக்கடை. கொக்கியில் தொடை தொங்கும். கீழே புளியமரக் கட்டை, நடுவில் குழிந்து கிண்ணம் மாதிரி ஆகியிருக்கும். மண்ணெண்ணெய் விளக்கில் கொழுப்பு மஞ்சளாகத் தெரியும். கறியைத் தேக்கிலையில் பொதிந்து கொடுப்பார்கள், ஈரம் பட்டு இலை சிவப்பாய்ச் சாயம் விடும். பள்ளிக்கூடம் போனாலும் என் உள்ளங்கை மருதாணி வைத்த மாதிரி இருக்கும்.

"என்னா மோளே, பட்டிக்கா?"

"ஆமா இக்கா. வெட்ட வேண்டாம்."

"அந்தப் பட்டிக்கு எல்லா நாளும் பெருநாள் கேட்டியா!" என்று சொல்லி, நிறுத்ததற்கு மேல் ஒரு துண்டும் போடுவார். நல்ல மனுஷன். நாயின் பெயரில் நாங்கள் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தோம். நாய்க்குக் குட்டி பிறந்திருக்கிறதா என்று ஒருநாள் கேட்டார். பிறந்திருக்கிறது, நாலு என்று சொல்லிவிட்டேன். அது ஆண் நாய்.

சனி, ஞாயிறு நானும் லாட்ஜுக்குப் போவேன். எனக்கு அங்கே ஒரு வேலை உண்டு, எண்ணுவது. அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. கறியைத் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் போகத் துடைப்பாள். பப்பாளிக்காய் தடவலாமே என்று அத்தை சொன்னால், "அது தடவுனா கறி களியாப் போகும் மைனி, பல்லுக்கு வேல வேண்டாமா?" என்பாள். தோசைக்கல் புகைய ஆரம்பித்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பாள். சொட்டு உருண்டை பிடித்து ஓடினால் கல் தயார். அதன் பிறகுதான் உப்பும் இடித்த மிளகும். கறி கல்லில் விழுந்ததும் ஒரு சத்தம் வரும் பாருங்கள், மழை முதலில் தகரத்தில் விழுகிற மாதிரி. அந்த நிமிஷம் நான் விரல் கணுவில் எண்ணத் தொடங்க வேண்டும். நூற்று இருபது வரைக்கும் கறியைத் தொடக்கூடாது. திருப்பிப் போட்டு இன்னொரு நூற்று இருபது. பிறகு அம்மா கறியை ஒரு விரலால் அழுத்துவாள். அடுத்த நொடி தன் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையை அழுத்துவாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் இறக்கிவிடுவாள். இறக்கி, ஒரு தட்டைப் போட்டு மூடி வைப்பாள். உடனே வெட்டினால் சாறு முழுவதும் பலகையில் ஓடிவிடும்.

"கறியும் அடுப்புல நின்னு களைச்சிருக்கும்லா, கொஞ்சம் இருக்கட்டு."

கடைசியில், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே அந்த ஒல்லிக் கத்தியால் வெட்டுவாள். நாரோடு சேர்த்து வெட்டினால் நீங்கள் இன்னும் மென்றுகொண்டிருப்பீர்கள், நான் கதை சொல்ல முடியாது. அவ்வளவுதான் ரகசியம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எழுதத் தெரிந்தவள் யாராவது இருந்தால்.

அத்தை அலக்கிப் பிழிந்த கையோடு வந்து வாசலில் நின்று ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வாள். இரண்டு பேரும் ஒரே பஸ்சில் போவார்கள், ஒரே குடையில் வருவார்கள், ஒரே வெற்றிலைப் பையிலிருந்து போடுவார்கள். இறைச்சிக்கடையில் என்ன சொல்லி வாங்குகிறோம், அதை யார் தின்கிறார்கள் என்ற இரண்டு விஷயமும் தெரிந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான் என்று அம்மா நினைத்திருந்தாள். எண்ணிக்கொண்டு பக்கத்தில் நின்றவளை அவள் எண்ணவில்லை.

என் கஷ்டம் பள்ளிக்கூடத்தில் வந்தது. இரண்டு சந்து தள்ளி ஒரு தையல்காரர் இருந்தார். அவர் மகள் என் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கறி வாங்க வருவாள். நான் கேட்பதை அவள் ஒருநாள் கேட்டுவிட்டாள். மறுநாள் வகுப்பில் எனக்குப் பெயர் பட்டிக்கறி. முதலில் பெயர் மட்டும்தான் இருந்தது, பிறகு குரைக்க ஆரம்பித்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து வள் வள். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் வள் வள். கை வேறு சிவப்பாக இருக்குமா, "கறி நாய்க்கு வாங்குனதா, இல்ல நீங்களும் பங்கு போட்டுக்குவீங்களா?" என்பாள் அவள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்போதிலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம். அடி விழுகிற இடத்தில் சிரித்துவிடுவது.

அம்மாவிடம் சொன்னேன். "குலைக்கட்டும். குலைக்கிறவங்களுக்குத் தொண்டை வலிக்கும், உனக்கென்ன? மாசி வரைக்கும் பொறு" என்றாள். மாசிக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. பத்து வயதுக்காரிக்கு இரண்டரை மாதம் என்றால் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு மறந்து போயிருந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு ஞாயிறு. இறைச்சிக்கடையில் தேர்க்கூட்டம், எங்கள் சந்துக்காரர் மட்டும் ஒருவரும் இல்லை. இடுப்புகளுக்கு இடையே நுழைந்து முன்னால் போய், "முன்கை, வெட்ட வேண்டாம்" என்றேன். பக்கத்தில் தையல்காரர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள். அவர் அண்டர்கட் கேட்டார். தீர்ந்துவிட்டது என்றார் இக்கா.

"அப்பா, அப்ப அவ வாங்குறத வாங்கிக்கலாம்" என்று அவள் என்னைக் காட்டினாள். "பட்டிக்கறி!"

கூட்டத்தில் யாரோ ஒரு பெரிய மனுஷன், வளர்ந்து மீசை வைத்த ஆள், என்னைப் பார்த்துக் குரைத்தான். விளையாட்டுக்குத்தான். கடை முழுவதும் சிரித்தது. இக்காவும் சிரித்தார்.

அன்று எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"பட்டிக்கு ஒண்ணும் இல்ல!" என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ, தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "இத வெள்ளக்காரங்கதான் தின்னுறாங்க! நடுவுல உள்ள நரம்ப எடுத்துட்டா அண்டர்கட்டு மாதிரியே இருக்கும்! எங்கம்மைக்கு மட்டுந்தான் தெரியும்! உங்க ஒருத்தருக்கும் தெரியாது!"

கத்தி கட்டையில் நின்றது. இக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

"அப்ப நாலு குட்டி?" என்று கேட்டார்.

 அவர் அந்தத் துண்டை வெட்டாமல் தேக்கிலையில் பொதிந்து கொடுத்தார். மேலே போடுகிற துண்டை அன்று போடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமைதான். ஒருத்தரும் குரைக்கவில்லையே! நான் என்ன செய்துவிட்டு வருகிறேன் என்று எனக்குச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் தெரியாது.

தையல்காரர் திங்கட்கிழமை அந்த லாட்ஜுக்கு ஜன்னல் திரைக்கு அளவெடுக்கப் போனார். அவர் கெட்டவர் இல்லை. வாய் சும்மா இருக்காத ஆள், நம்மைப் போல. அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறார். "சாலைக் கடைத்தெரு முழுக்கப் பேச்சு. உங்க லாட்ஜுல நாய்க்கு வாங்குற கறிய வெள்ளக்காரச் சாயிப்புமாருக்குக் குடுக்கிறாங்களாமே?"

செவ்வாய்க்கிழமை அம்மா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். குடை இல்லை, அத்தை இல்லை, தனியாக. படியில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னாள். நான் உள்ளே சிலேட்டை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்ல கறிதான் மேடம், நீங்களுந்தானே தின்னீங்கன்னேன். கறி எப்படி இருந்தா என்ன, பேரு போச்சே, நீ இனி வராதேங்குறா. அந்த நெட்டை வெள்ளக்காரன்கிட்டேயும் சொல்லிட்டா. அவன் சிரிச்சிட்டு, அப்ப நாய்க்குச் சமைக்கிறது இதவிட நல்லா இருக்குமான்னு கேட்டானாம். அதுல அவளுக்கு இன்னும் கோவம்."

"யாரு போய்ச் சொன்னது?" என்றார் அப்பா.

அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"ரெண்டும் தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். நான் சொல்லல."

"சே, மைனியா? அவதானே உன்னக் கொண்டு போய் விட்டது."

"நாளையிலிருந்து அடுப்ப யாரு பாக்கப் போறான்னு நெனக்கிறீங்க? அவளத்தான் நிக்கச் சொல்லியிருக்கா. அவளும் சரின்னுட்டா."

அப்போது எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து அடி தூரம். வாசற்படி வரைக்கும் வந்தேன். அம்மாவின் முதுகைப் பார்த்தேன். தோள் இரண்டும் இறங்கிப்போய் இருந்தது. திரும்பிப் போய் சிலேட்டில் எழுதியதை அழித்துவிட்டு அதையே மறுபடி எழுதினேன்.

அன்று சாயங்காலம் அத்தை வந்தாள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு, பார்க்காத மாதிரி அவளைத் தாண்டி வெளியே போனாள். அத்தை ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு என் பக்கத்தில் குந்தினாள். கையில் ஒரு கிண்ணம் போட்டிக் குழம்பு. மாட்டுக் குடலில் அவள் வைக்கிற குழம்பு எனக்கு உயிர்.

"தின்னு" என்றாள். பிறகு மெதுவாக, "போட்டி வாங்க இக்கா கடைக்குப் போயிருந்தேன். நீ கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாத, கேட்டியா? அவருக்கு மனசு சரியில்ல" என்றாள்.

இக்கா அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் எனக்குப் புரிந்தது என்று தெரிந்துவிட்டது. குழம்பை வாயிலேயே வைத்துக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்காத குட்டு.

"முழுங்கு பிள்ளே, வெறுதே வாயில வச்சிக்கிட்டு இருக்காத."

மறுநாள் விடியற்காலை குழாயடியில் பதினெட்டு வீட்டுக்காரர்கள் முன்னால் அம்மா அத்தையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அதற்கு முன்பும் பின்பும் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

"என் அடுப்பு வேணும்னா கேட்டிருந்தா நானே தந்திருப்பேனே! எம் பிள்ளைக்கு ஒழுகாத ஒரு கூரை வரப்போகுதுன்னு பொறுக்கலையா உனக்கு?"

உனக்கு என்றாள். மைனியை அம்மா நீ என்று சொன்னது அன்றுதான். அத்தை வாயைத் திறந்தாள். குடங்களுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் கண் என் மேல் வந்து நின்றது. திறந்த வாயை மூடிக்கொண்டு, பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கு அப்புறம் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழாயடியில் அன்று மிச்சம் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன், கொஞ்சம் மூடி வைத்திருக்கிறேன்.

அத்தை நாலே நாள் அடுப்பைப் பார்த்தாள். அவளுக்கு ஸ்டேக் சுடத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் அவள் சுட்டதை மென்று பார்த்துவிட்டு மீனுக்கு மாறிவிட்டார்கள். அவள் பழையபடி துணி அலக்கப் போய்விட்டாள். அந்தப் பின் அறை யாருக்கும் கிடைக்கவில்லை. உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அம்மா சாயங்காலங்களில் மண்டித் தொழிலாளிகளுக்கு மரச்சீனிக் கிழங்கும் பீஃப் வறுவலும் விற்க ஆரம்பித்தாள். தேங்காய்ப் பல்லு போட்டு, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கறி கடையிலேயே கொத்தி வரும். முழுத் துண்டை அவள் அதன் பிறகு தொடவே இல்லை. இறைச்சிக்கடையில் அந்தத் தோள்பட்டைக் கறி தனிக் கொக்கியில் ஏறியது. விலையும் ஏறியது. பெரிய ஓட்டல்காரர்கள் வாங்கிப் போனார்கள். அந்த அளவுக்கு நான் நன்றாக விளம்பரம் செய்திருந்தேன். இப்போதுதான் மறுபடி எல்லாரும் மறந்துபோய் விலை இறங்கியிருக்கிறது. நீங்கள் போய்க் கத்தாமல் இருந்தால் சரி.

கத்தி லாட்ஜில் மாட்டிக்கொண்டது. அம்மா அதற்காகத் திரும்பிப் போக மாட்டேன் என்றுவிட்டாள். ஒருநாள் காலையில் பார்த்தால் காகிதத்தில் சுற்றி எங்கள் வாசலில் கிடந்தது. யார் வைத்தது என்று அம்மாவுக்குத் தெரியும். காலால் சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். நான் எடுத்துக் கழுவி என் புத்தகப் பையின் அடியில் வைத்தேன். நீங்கள் கேட்ட ஒல்லிக் கத்தி அதுதான். எலும்புக் கைப்பிடி இப்போது இல்லை, மருமகன் வயரைச் சுற்றித் தந்திருக்கிறான்.

சந்தில் எல்லாரும் அத்தையோடு பேச்சை நிறுத்தினார்கள். தீப்பெட்டிகூடக் கடன் கொடுப்பதில்லை. குழாயடியில் அவள் குடத்தைப் பின்னால் தள்ளுவார்கள். ஒரு வருஷம் இருந்து பார்த்தாள். பிறகு பாறசாலைக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். போகிற அன்று அம்மா கதவைத் திறக்கவில்லை.

அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், மைனி என்னை இப்படிச் செய்துவிட்டாளே என்று. கண் தெரியாமல் படுத்த பிறகும் சொன்னாள். சோறு ஊட்டிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வரும். உடனே ஒரு தமாஷைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிடுவேன். எனக்கு இத்தனை தமாஷ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களே, போன வாரம் கேட்டீர்களே. அங்கேயிருந்துதான்.

அம்மா போன அன்று அத்தை வந்தாள். இரண்டு பஸ் மாறி, கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். நான் பால் விடாத கட்டன்சாயா கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை, அன்றைக்கு என்று தொடங்கினேன்.

"கத்தி இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு அத்தை."

"நல்லது" என்று சாயாவைக் குடித்தாள். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

இப்போது இந்தப் பிளாட்டில் எனக்கு மூன்று குழாய். எந்நேரமும் தண்ணீர். பகல் பதினொரு மணிக்குச் சில நாள் சும்மா திறந்து பார்ப்பேன், மூடுவேன். இந்தக் கிழவி ஏன் தண்ணீரை வீணாக்குகிறாள் என்று, அங்கே சுவரோரம் உட்கார்ந்திருப்பவளே, மேல் மாடியிலிருந்து நீ கத்துவாய் அல்லவா? கத்து.

சரி, மூடி வைத்ததைத் திறக்கிறேன்.

அன்று குழாயடியில் அத்தை குடத்தோடு போன பிறகு, அம்மாவை இரண்டு பேர் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். மீதிப் பேர் முழுவதும் அத்தையின் வாசலுக்குப் போய் நின்றார்கள். நானும் போனேன். போகாமல் இருக்கக் கால் கேட்கவில்லை. கொடியில் அவள் அலக்கிப் போட்டிருந்த சேலைக்குப் பின்னால் நின்றேன். என் பாதம் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"நேராச் சொல்லு, நீதானா?" என்று கேட்டார்கள். "இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, நாங்க போய் அவகிட்ட பேசுறோம். வேற யாரு சொல்லியிருப்பா, சொல்லு!"

அத்தை குடத்தை இறக்கி வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். சேலையைப் பார்த்தாள், சேலைக்குக் கீழே பார்த்தாள்.

"ஆமா, நாந்தான் சொன்னேன். எனக்கு வாய் சும்மா இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்? அவ அடுப்பு மேல எனக்கு ஆசை, போய்ச் சொன்னேன். போதுமா? இனி எல்லாரும் தள்ளி நில்லுங்க. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் புறப்படணும், அதுக்கு வழி விடுங்க."